பீட்டர் சார் ஊர்ச் சபை

நவம்பர் 14, வெள்ளி. அல் கோபார், சவுதி அரேபியா.

இன்று எங்கள் வீட்டு ஜெபத்துக்கு இவருடைய ஆபீஸ் இன்ஜினியர் பீட்டர் சாரும் வந்திருந்தார். முடிந்ததும், இங்கிலாந்தில் தன் கிராமத்துச் சபையின் படத்தைப் போனில் காட்டினார். கோபுரம் கிடையாது. வெறும் செங்கல் வீடு மாதிரி இருந்தது. முந்நூறு வருஷங்களுக்கு முன்பு அரசாங்கத்தின் சபையை விட்டுப் பிரிந்தவர்கள் கட்டியதாம். அதற்கு முன் காட்டுக்குள் ஒளிந்து கூடினார்களாம். பிடிபட்ட போதகரைச் சிறையில் போட்டார்களாம்.

அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெல் அடித்தது. பாட்டுப் புத்தகங்களை சோபாவுக்கு அடியில் தள்ளிவிட்டுக் கதவைத் திறந்தேன். பில்டிங் வாட்ச்மேன் நின்றிருந்தான். வாசலில் கிடந்த செருப்புகளையே பார்த்தான்.

“தீதி, உள்ளே என்ன நடக்குது?” என்று இந்தியில் கேட்டான்.

“பர்த்டே பார்ட்டி” என்றேன்.

“வாராவாரம் பர்த்டேவா? யார் யார் வர்றாங்கன்னு ஓனர் கேட்டார். யாரும் இல்லன்னு சொல்லிட்டேன். இன்னொரு தடவை என்னால பொய் சொல்ல முடியாது.”

எல்லோரும் ஒவ்வொருவராகப் படியிறங்கிப் போனார்கள். பீட்டர் சார் மட்டும் வாசலில் நின்று, “எங்கள் ஊரில் அவர்கள் கூடுவதை நிறுத்தவில்லை” என்றார். அதைக் கேட்டதும் எனக்குப் பயம்தான் கூடியது.

“இனி இங்க வேண்டாம், கேட்டியா?” என்றார் இவர். “இக்காமா போயி ஊருக்குத் திருப்பி அனுப்பிட்டான்னா பிள்ளைய படிப்பு என்னாகும்?”

சரி என்றேன். உடனே சரி என்றேன். அவ்வளவு சீக்கிரம் சொல்லியிருக்க வேண்டாம்.

லிஃப்ட் எங்கள் மாடியில் வந்து நிற்கிறது. விளக்கை அணைத்துவிடுகிறேன்.