கதவோரம் வந்து நின்றால்

குட்டியின் அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? தைலம் தீர்வதற்குள் வாங்கி வையுங்கள். நான் நன்றாகத்தான் இருக்கிறேன். புருவத்தில் சின்னக் கீறல், அவ்வளவுதான். வகுப்பில் ஒரு வாலுப் பெண் ஸ்கேலை வீசிவிட்டாள். நான் வேலைக்கு வந்திருக்கும் இந்த ஊர்ப் பள்ளியில் அதட்டக் கூடாது. பிள்ளை செய்த நல்லது ஒன்றைத் தேடிப் பிடித்துப் பாராட்ட வேண்டும். "நீயே போய் ஸ்கேலை எடுத்து வச்சிட்டியே, எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். பெட்டிப்பாம்பாய் அடங்கிவிட்டாள்.

அந்தப் பழக்கம்தான் வினையாகிவிட்டது. போன வாரம் போனில் நம் குட்டி, "எப்பம்மா வருவே?" என்று கேட்டாள். நாள் சொல்வதை விட்டுவிட்டு, "அழாம கேட்டியே, ரொம்ப சமத்து" என்று வகுப்புக் குரலிலேயே சொல்லிவிட்டேன்.

"நான் ஒண்ணும் உன் கிளாஸ் பொண்ணு இல்ல" என்று போனை உங்களிடம் கொடுத்தவள்தான். அதன்பிறகு என்னிடம் பேசவே இல்லை.

அவளைத் திட்டாதீர்கள். பேசச் சொல்லிக் கையைப் பிடித்து இழுக்கவும் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன், ஸ்பீக்கரில் போடுங்கள். கதவோரம் வந்து நின்றால் பார்க்காத மாதிரி இருங்கள். அவள் நிற்கிறாள் என்று எனக்குத் தெரிய ஒரு தடவை இருமினால் போதும்.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

குட்டியின் அம்மா