பேசாமல் இருந்துவிட்டேன்

ஜெனீவா
மே 2005

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நன்றாக இருக்கிறேன். அம்மாவின் கால் வெடிப்பு ஆறியதா? மருந்து போடாமல் உப்பளத்தில் இறங்கினால் ஆறவே ஆறாது, சொல்லிவிட்டேன்.

நேற்று ஒரு சின்னத் தவறு. என் மேலதிகாரி கீதாஞ்சலி மேடம் வெளியே போயிருந்ததால், நாடுகளின் வர்த்தகக் கூட்டத்தில் 'இந்தியா' என்ற பலகைக்குப் பின்னால் நான் உட்கார்ந்திருந்தேன். மீன் இறக்குமதி வரியைக் குறைப்பதில் யாருக்காவது ஆட்சேபம் உண்டா என்று தலைவர் கேட்டார். வியாபாரி அடிமாட்டு விலை கேட்டால் நீங்கள் பேசாமல் வரப்பையே பார்ப்பீர்களே, அப்படி இருந்துவிட்டேன். நம் மரக்காணத்தில் அதற்கு 'இந்த விலை கட்டாது' என்று அர்த்தம். இங்கே அது சம்மதம். நான் படித்த விதிமுறைதான், பயத்தில் நம் வழக்கம் முந்திக்கொண்டது. தலைவர் சுத்தியலைத் தட்டி முடிவாக்கிவிட்டார்.

"ஏம்பா, வாயில உப்புக்கட்டியா வச்சிருந்தே?" என்றார் மேடம். நாளை மறுபடி விவாதிக்கக் கேட்கிறோம். தலைவர் மறுத்தால் என்னை ஊருக்குத் திருப்பி அனுப்புவார்கள், அவ்வளவுதான். பயப்படாதீர்கள்.

சென்னாகுன்னிக் கருவாட்டுப் பொடி கொஞ்சம் அனுப்புங்கள், சோறு இறங்கவில்லை. போன இரண்டு கடிதத்துக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. பேசாமல் இருப்பதற்கு என்ன அர்த்தமென்று எனக்கு இப்போது பிடிபடுவதில்லை. திட்டியாவது நாலு வரி எழுதுங்கள் அப்பா.

மேடம் கூப்பிடுகிறார்.

திருமுருகன்