இத்தாலி ஒயினுக்கு எந்தக் கறி?

12 நவம்பர் 2024, செவ்வாய்

என் வீட்டுக்காரர் கிளாட்வின் கப்பல் வேலையிலிருந்து வந்து நாலு நாள் ஆகிறது. பெட்டியில் இந்தத் தடவை சாக்லேட் இல்லை, சோப்பு இல்லை. இத்தாலிச் சிவப்பு ஒயின் இரண்டு பாட்டில். கிறிஸ்துமஸுக்கு நான் போடும் ஒயினையே பாயசம் என்று கேலி பண்ணித் தொடாத மனுஷன்! கப்பலில் பெரிய சமையல்காரர் என்றால் இதெல்லாம் வந்துவிடுமோ?

ஒரு வாய் குடித்துப் பார்த்தேன். புளிப்பு, துவர்ப்பு. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கெட்டுப்போன சரக்கை எவனோ இவர் தலையில் கட்டிவிட்டான் என்று, கிறிஸ்துமஸ் ஒயினுக்குச் செய்வதுபோல சீனிப்பாகு காய்ச்சி பாட்டிலில் ஊற்றிவிட்டேன்.

"ஏளா, அது இப்படித்தாம்ளா இருக்கும்!" என்று தலையில் கைவைத்துக்கொண்டார். ஒரு பாட்டில் போச்சு.

14 நவம்பர், வியாழன்

சீலா மீன் குழம்புச் சோற்றோடு ஒரு மடக்குக் குடிக்கச் சொன்னார். ஆணியைச் சப்பின மாதிரி இருந்தது. அவரோ கிளாஸுக்குள் மூக்கை விட்டுக் கண்ணை மூடி வெகுநேரம் இருந்தார்.

"என்ன வாசம் வருது, சொல்லு."

நாவப்பழம் என்றேன். "வேற?" நனைந்த மரப்பெட்டி என்றேன். எழுதிக்கொண்டார்! என்னைச் சோதிக்கிறாரா, கேலி பண்ணுகிறாரா?

குழம்பு எப்படி என்று கேட்டேன். "நல்லாருக்கு." இருபது வருஷத்தில் என் குழம்பில் குறை சொல்லாமல் எழுந்ததே கிடையாது.

15 நவம்பர்

இன்றும் "நல்லாருக்கு".

17 நவம்பர், ஞாயிறு

பூசை முடிந்து வந்து ஆட்டுக்கறி வறுத்தேன். அதோடு குடித்தால் அந்தத் துவர்ப்பையே காணோம். கொழுப்பு அதை அமர்த்திவிடுகிறதோ என்னவோ. "மீனுக்கு ஆகாது, கறிக்கு ஆகும்" என்றேன். முகமெல்லாம் மலர்ந்து அதையும் எழுதினார்.

ஆனால் வறுவலில் பட்டை கிராம்பு போட மறந்திருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லையே! வீட்டுச் சாப்பாட்டில் மனசே இல்லையா? அங்கே கப்பலில் யாரோ ஒருத்தி இருக்கிறாள். அவளோடு உட்கார்ந்து குடித்துப் பழகியிருக்கிறார். கேக்கவும் பயமா இருக்கு, கேக்காம இருக்கவும் முடியல, மாதாவே.

18 நவம்பர், திங்கள்

நெத்திலிக் கருவாடு பொரித்தேன். "மைனி, எனக்கும் ரெண்டு எடுத்து வைங்க" என்று பக்கத்து வீட்டு உமாராணி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கத்தினாள். சட்டியை மூடிவிட்டுத் திரும்பினால் கிளாட்வின் வாசலிலிருந்து அடுப்படிக்குள் வருகிறார்.

"இன்னைக்கு என்னளா சமையல்?"

தெரு முழுக்க மணக்கிறது!

"உங்களுக்கு வாசம் தெரியலையா?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மார்ச் மாதம் கப்பலில் வந்த காய்ச்சலோடு போனதாம். உப்பு, உறைப்பு, புளிப்பு தெரிகிறது, மணம் சுத்தமாக இல்லை. யாரிடமும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மும்பையில், இத்தாலிக்காரர்களின் பயணிகள் கப்பலில் வேலைக்கு நேர்முகத் தேர்வு. ஒயினை ருசி பார்த்து அதற்கேற்ற சாப்பாட்டைச் சொல்ல வேண்டும்.

"நீ சொல்லுதத மனப்பாடம் பண்ணிட்டுப் போயிரலாம்னு பார்த்தேன்."

வேறொருத்தி இல்லை என்று முதலில் சந்தோஷம்தான் வந்தது. அது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

20 நவம்பர்

போங்க என்று சொல்வதா, வேண்டாம் என்பதா? பொய்தானே அது? ஆனா சமையல் இல்லாம அந்த மனுஷன் என்ன செய்வாரு? ஒண்ணும் புரியல.

24 நவம்பர், கிறிஸ்து அரசர் திருநாள்

வெள்ளிக்கிழமை அவர் போகவில்லை. வியாழன் காலையிலேயே கம்பெனிக்குப் போன் போட்டு உண்மையைச் சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்லவில்லை.

"ரெண்டாயிரம் பேர் இருக்குத கப்பல். கேஸ் கசிஞ்சாக்கூட எனக்குத் தெரியாதுல்லா" என்றார். இரண்டு நாள் படுத்தே கிடந்தார்.

இன்று பூசையிலிருந்து வந்ததும் அவராகவே அடுப்பைப் பற்றவைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். எண்ணெயில் வெந்தயத்தைப் போட்டுவிட்டுச் சட்டியைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்தார்.

"இப்பவா?"

"இன்னும் கொஞ்சம்."

மணம் வந்தது. "இப்ப ஊத்துங்க" என்றேன். புளியை ஊற்றினார்.