வல்லாரை குடித்த ஈக்கள்

அஸ்தினாபுரம்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் பிளஸ்ஸிக்கு அம்மா எழுதுறது. ஆண்டவர் கிருபையில நானும் அப்பாவும் சுகம், நம்ம வீட்டு ஈக்களும் சுகம். நீயும் அங்க நல்லா இருக்கணும்னு தினமும் ஜெபிக்கிறேன். போன்ல பேசினா அப்பா பக்கத்துலயே வந்து உட்கார்ந்துக்குறார், அதான் பேனாவை எடுத்தேன்.

கிறிஸ்துமஸுக்கு வந்தப்போ, உங்க லேப்ல பழ ஈக்களுக்கு மருந்து கொடுத்து வயசானாலும் மூளை மங்காம இருக்கான்னு பாக்குறோம்னு சொல்லிட்டுப் போனே இல்ல, அது அப்பா மண்டையில ஏறிடுச்சு. முப்பத்தாறு வருஷம் சயின்ஸ் வாத்தியார், சும்மா இருப்பாரா? நாலு ஹார்லிக்ஸ் பாட்டில், அழுகின வாழைப்பழம், மூடி கட்ட என் பழைய நைட்டித் துணி. ரெண்டு பாட்டிலுக்கு வல்லாரைச் சாறு, ரெண்டுக்கு வெறும் பழம். காலையில பாட்டிலைத் தட்டுவார், கீழே விழுந்த ஈ எவ்வளவு வேகமா மேல ஏறுதுன்னு பாப்பார். நாப்பது நாள் தாண்டின ஈ எல்லாம் சீனியர் சிட்டிசனாம். உங்க லேப்ல இருபத்தஞ்சு டிகிரின்னு நீ சொன்னியாம், அதனால இந்த மே மாசத்துல ஏசி ரூம்ல ஈ தூங்குச்சு, நாங்க ஹால்ல தூங்கினோம்.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் நம்ம வீட்ல ஜெபக்கூட்டம். எதிர்வீட்டு சந்திரிகா நாற்காலி எடுக்க அந்த ரூமுக்குப் போய் ஒரு பாட்டிலை உருட்டிட்டா. பாஸ்டர் வாயைத் திறந்து ஆமென் சொல்றார், ஒரு ஈ நேரா உள்ளே. ஆளாளுக்குப் பாட்டுப் புத்தகத்தால அடிக்க ஆரம்பிச்சாங்க. அப்பா நாற்காலி மேல ஏறி நின்னு, யாரும் அடிக்காதீங்க, எல்லாம் வயசானவங்கன்னு கத்தினார். முன்னாடி உட்கார்ந்திருந்த பெரியம்மாக்கள் எல்லாம் ரொம்ப நன்றி பிரதர்னு சொன்னாங்க.

எல்லாரும் போனதும் தப்பிச்சது எந்த பாட்டில்னு எழுத நோட்டை எடுத்தார். பேர் எழுதி ஒட்டுங்கன்னு நான் சொன்னப்பவே, எனக்கு ஞாபகம் இருக்கும் ஹில்டான்னு சொன்னவர். மிச்ச மூணையும் மோந்து பார்த்தார், மூணும் ஒரே நாத்தம். அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். எதுக்கு எதைக் கொடுத்தேன்னு எனக்கே தெரியலைன்னார். அப்புறம் மெதுவா, போன மாசம் பக்கத்துல இருக்குற குரோம்பேட்டைக்குன்னு கிளம்பி எங்கேயோ இருக்குற கேளம்பாக்கத்துல போய் இறங்கினதையும், எதுக்கு வந்தோம்னு தெரியாம பஸ் ஸ்டாண்டுல நின்னதையும் சொன்னார். அன்னைக்கு லேட்டா வந்ததுக்கு என்கிட்ட பழைய ஸ்டூடண்டைப் பார்த்தேன்னுதான் சொல்லியிருந்தார். அவரே, நாளைக்கு டாக்டர்கிட்ட போலாமான்னார்.

ஞாபகத்தைச் சோதிக்க டாக்டர் ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். ஒப்பிட்டுப் பாக்க இன்னொரு ஆள் வேணுமேன்னு அப்பா கேட்டதால நானும் வரைஞ்சேன். என்னுது கோணலா வந்துச்சு, அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். ரத்தத்துல பி12 வைட்டமின் ரொம்பக் குறைவாம், அதனாலயும் மறதி வருமாம், ஊசி ஆரம்பிச்சாச்சு. அது மட்டும்தானான்னு அடுத்த வாரம் ஸ்கேன் எடுத்தாதான் தெரியும்.

நீ உடனே டிக்கெட் போட்டு ஓடி வராதே, வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார். ஒண்ணே ஒண்ணு, ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது எடுத்ததுமே அப்பா, நான் பிளஸ்ஸி பேசுறேன்னு சொல்லிடும்மா. போன வாரம் அரை மணி நேரம் சிரிச்சுப் பேசிட்டு போனை வெச்சதும், யாரு அந்தப் பொண்ணு, ரொம்ப அன்பா பேசுதேன்னு கேட்டார்.

உன் அம்மா,
ஹில்டா லாசரஸ்