சத்தமில்லாமல் இறங்கிய விமானம்

என் அன்பான வீட்டுக்காரருக்கு,

என்னங்க, அந்தப் பெண் போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுக்கு வந்தாள். விமானத்தை ஓட்டிய பெண். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். நீங்கள் கீழே விழுந்த பிறகு நடந்தது எதுவும் உங்களுக்குத் தெரியாதே.

அன்றைக்கு நம் கிளியனூர்க் கொல்லை நிலத்தில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி, வேரில் தொங்கிய கடலையை உதறிக்கொண்டிருந்தோம். பெண்கள் எல்லோரும் குனிந்தபடி. பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே சுற்றுவது நமக்குப் பழகிப்போன சத்தம். அன்றைக்கு இஞ்சின் நடுவானிலேயே நின்றுவிட்டது. சத்தமே வரவில்லை. மோட்டார் கொட்டகைப் பக்கம் நின்றிருந்த உங்கள் கண்ணில் மட்டும்தான் அது பட்டது.

நீங்கள் துண்டை வீசிக்கொண்டு ஓடி வந்தபோது, யாரையோ பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஓடுங்க! பிளேன் எறங்குது, ஓடுங்க!"

என் தோளைப் பிடித்துத் தள்ளினீர்கள். "அந்தாண்ட போடி மல்லிகா!" என்னிடம் நீங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

எல்லோரும் வரப்பைத் தாண்டிவிட்டோம். கன்னியம்மாக்கா மட்டும் தாண்டவில்லை. முழங்கால் வலிக்காரி, உட்கார்ந்தே பிடுங்குகிறவள், அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நீங்கள் திரும்பி ஓடினீர்கள். அவளைத் தூக்கி வரப்போரம் தள்ளினீர்கள். அதற்குள் இறக்கை உங்கள் முதுகில் அடித்துவிட்டது. திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உங்கள் கை என் கைக்குள் கனத்துவிட்டது.

ஊரே உங்களைப் பெருமையாகப் பேசியது. எனக்குக் கோபம்தான் வந்தது. ஏங்க திரும்பி ஓடினீங்க? என்னையும் நம் பெண் செல்வியையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தீர்களா?

அதற்குப் பிறகு கன்னியம்மாக்கா நம் தெருப் பக்கமே வருவதில்லை. ஒருநாள் ரேஷன் கடையில் எதிரெதிரே நின்றுவிட்டோம். "என்னை வுட்டுட்டு ஓடியிருக்கலாமே அந்தத் தம்பி" என்று அழுதாள். ஆமாம் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண் நம் செல்வியைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். அன்றைக்கு உடைந்த கால் இன்னும் சரியாகவில்லை. அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நான் எதுவும் விசாரிக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"அவரைப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேங்க" என்றாள். "இஞ்சின் நின்னதும் எறக்க ஒரு எடம் தேடினேன். மேல இருந்து உங்க நிலம் காலியாத்தான் தெரிஞ்சுது. எல்லாரும் பச்சைக்குள்ள குனிஞ்சிருந்தீங்க. கிட்ட வந்ததும்தான் ஆளுங்க இருக்கறதே தெரிஞ்சுது. அதுக்கு மேல திருப்ப முடியலைங்க. தள்ளிப் போங்கன்னு கத்தினேன். கண்ணாடிக்குள்ள கத்தினா யாருக்குக் கேக்கும்?"

அவள் அப்பா கைகூப்பியபடி நின்றார்.

அவள்மேல் தப்பில்லை என்று புத்திக்குத் தெரிகிறது. ஆனாலும் அவள் குனிந்து என் காலைத் தொட வந்தபோது, நெருப்புப் பட்டது போலக் காலை இழுத்துக்கொண்டேன்.

"உன் மேல கோவம் இல்லம்மா. ஆனா இனிமே இங்க வராத. உன்னப் பார்த்தா அவரு வுழுந்தது மட்டும்தான் கண்ணுல நிக்குது."

அவள் அழுதுகொண்டே போனாள். நான் வாசல் வரைக்கும் போகவில்லை. அப்படிச் சொன்னது தப்பாங்க? நீங்களாக இருந்தால் என்ன சொல்லி அனுப்பியிருப்பீர்கள்?

கொல்லை அன்றைக்குக் கிடந்தபடியே கிடக்கிறது. பிடுங்காமல் விட்ட மல்லாட்டை மண்ணுக்குள்ளேயே முளைத்துக் காய்ந்துபோனது. விமானத்து எண்ணெய் ஊறிய இடத்தில் புல்கூட இல்லை. கூலிக்குக் கூப்பிட்டால் ஒருத்தரும் அதில் இறங்கத் தயாரில்லை. உங்கள் அண்ணன் வந்து, "வித்துட்டு பேஜாரில்லாம இரும்மா, பொண்ண வச்சிக்கினு தனியா எப்படிப் பார்ப்ப?" என்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நானும் அந்த வரப்பு வரைக்கும் போகிறேன், இறங்காமலே திரும்பிவிடுகிறேன்.

ஆனாலும் விற்க மாட்டேன். தை பிறந்ததும் டிராக்டர் விட்டு உழுது மல்லாட்டை விதைப்பேன். பிடுங்கும் காலத்தில் யாராவது துணிந்து வந்தால், அவர்கள் குனிந்து வேலை செய்யட்டும். நீங்கள் நின்ற இடத்தில் நான் நின்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இது உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
செல்வியின் அம்மா,
மல்லிகா