நீ பிசகிய இடங்கள்

இல்லை, அழவில்லை. புகைதான். கீழ் லயத்தில் யாரோ அடுப்பில் பிளாஸ்டிக் எரிக்கிறார்கள். ஜன்னலைச் சாத்தினேன். சாத்திய பிறகும் அந்த நாற்றம் அறைக்குள் இருந்தது. அதோடு நீயும்.

நீ இறந்தபோது பிடித்த மழை இன்னும் விடவில்லை.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் சாவு வீட்டிலும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. கொழும்பிலிருந்து உன் பேண்ட் ஆட்கள் வந்திருந்தார்கள். கறுப்பு டீசேர்ட், நீள முடி, சேறு அப்பிய சப்பாத்து. கிட்டார் வாசிக்கும் பிரசன்னா உங்கள் வாசலில் நின்று, "அவளப் போல பயமில்லாத ஒருத்திய நான் கண்டதே இல்ல" என்று விம்மினான். நான் செத்தால் என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு இதைத்தான் யோசித்தேன்.

அக்கரப்பத்தனைத் தோட்டத்தில் ஒரே லயம், ஒரே வரிசை வீடுகள் நமக்கு. உங்கள் காம்பராவுக்கும் எங்கள் காம்பராவுக்கும் நடுவில் ஒரு சுவர். திருவிழாவில் தப்புப் பறை அடிப்பது ஆம்பளைகள். நமக்குப் பீலித் தண்ணீர்க் குழாயடியில் கவிழ்த்த வாளிகள். தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் திட்டித் திட்டி ஓய்ந்துபோவார்கள். நீ நினைத்தபடி வேகம் கூட்டுவாய், நடுவில் நிறுத்துவாய், எங்கேயோ போய்த் திரும்பி வருவாய். நான் பிசகவே மாட்டேன்.

"ஒனக்குக் கைக்குள்ள கடிகாரம் இருக்குடி," என்பாய். "எனக்கு வெறும் கைதான்."

அந்த வெறும் கைதான் எனக்கு வேண்டியிருந்தது.

உயர்தரம் படிக்கும்போது ஹட்டனில் ஒரு மண்டபத்துக்குப் போனோமே. டவுன் பையன்களின் பேண்ட். மண் சரிந்து பாதை அடைத்ததில் டிரம் வாசிப்பவன் வந்து சேரவில்லை. "யாருக்காவது தாளம் வருமா?" என்று மேடையிலிருந்து கேட்டார்கள். நீ என் விலாவில் இடித்தாய்.

"போடி. நீதான் நல்லா அடிப்ப."

"எனக்கு டிரம்மெல்லாம் தெரியாது."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றாய். சொல்லி முடிப்பதற்குள் உன் கை மேலே போய்விட்டது.

வெளியே பனி இறங்கியிருந்தது. பனியில் தப்புத் தோல் தளர்ந்துபோகும். தேயிலை மிலாறு விறகை மூட்டி அதைக் காய்ச்சி இறுக்கிய பிறகுதான் அடிப்பார்கள். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தச் செட்டில் இருந்த சின்ன டிரம்மைக் கழற்றித் தூக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்னால் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்த அடுப்புக்குப் போனோம். ஒரு பக்கம் நீ பிடித்தாய், மறுபக்கம் நான். தோல் சுருங்கியது. நடுவில் ஒரு கண் திறந்து அகன்றுகொண்டே போனது. அந்த நாற்றம்.

ஒரு பையன் ஓடி வந்தான். "அடியே! அது தோல் இல்ல, பிளாஸ்டிக்! தோட்டத்துத் தப்புன்னு நெனச்சிட்டீங்களா?"

நான் டிரம்மை விட்டுவிட்டுப் பின்வாங்கினேன். நீ ஓட்டை வழியாக அவனை எட்டிப் பார்த்தாய்.

"தோட்டத்து ஆளு வேற என்னன்னு நெனைப்பா? மத்ததெல்லாம் இன்னும் சுடலதானே? அது போதும், வா."

அடுப்படியில் நின்ற மனிதர் சிரித்தார். பிறகு அந்தப் பையனும்.

அந்தச் சின்ன டிரம் இல்லாமலேயே உட்கார்ந்தாய். அதன் அடி விழ வேண்டிய இடத்திலெல்லாம், தரையில் நின்ற பெரிய டிரம்மை இடது உள்ளங்கையால் அறைந்தாய். அப்படி ஒரு சத்தத்தை அந்த மண்டபம் கேட்டிருக்காது. இரண்டாவது பாட்டில் தாளத்தை விட்டு முன்னே ஓடினாய். மூன்றாவதில் இரண்டு இடத்தில் பிசகினாய். என் முழங்காலில் விரல்கள் சரியாகத் தட்டிக்கொண்டிருந்தன. சனம் எழுந்து நின்றது. உனக்காக.

பிசகியது எனக்கு மட்டும்தான் தெரிந்தது. அது யாருக்கு வேண்டும்?

பிறகு நான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனேன். நீ கொழும்புக்கு. பகலில் புடவைக்கடை, கடை சாத்திய பிறகு ஒத்திகை. கடையை விட்டுவிட்டேன் என்று ஒரு நாள் செய்தி அனுப்பினாய். நான் அரச வேலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். உங்கள் பேண்ட் உடைந்தது. இன்னொன்று சேர்த்தாய். கிட்டார் அலறும் பாட்டின் நடுவே திடீரென்று தப்படி நுழையும். ஆட்கள் முதலில் சிரித்தார்கள், பிறகு அதற்காகவே வந்தார்கள். உன் வீடியோ ஒன்றையும் நான் தவறவிட்டதில்லை. பாட்டுக் கேட்க அல்ல. எங்கே பிசகுகிறாய் என்று தேடத்தான். பிசகியிருப்பாய். கீழே கருத்து எழுதியவர்களில் ஒருவரும் அதைச் சொன்னதில்லை.

ஒரு முறை போனில் கேட்டேன். "மேடைக்கு ஏற பயமா இருக்காதாடி?"

"என்ன கேள்வி இது? ஒவ்வொரு தடவையும் வாந்தி எடுத்துட்டுத்தான் ஏறுறேன்."

"சும்மா சொல்லாத."

"சத்தியமா. பிரசன்னாதான் வாளி புடிப்பான். அன்னைக்கு ஹட்டன்லயும் பயந்துக்கிட்டேதான் கையத் தூக்கினேன். நீ வேற வெளிறிப்போயி நின்ன. நானும் வெளிறினா யாரு அடிக்கிறது?"

சிரித்தாய். நான் வேலை இருக்கிறது என்று போனை வைத்தேன்.

உனக்குப் பயமே இல்லை என்று நம்பிய வரையில் பொறாமை எளிதாக இருந்தது. நீ வேறு மாதிரிப் பிறந்தவள், நான் வேறு மாதிரி. உயரமானவளைப் பார்த்துக் குள்ளமானவள் பொறாமைப்படலாம், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் நம் இருவருக்கும் ஒரே பயம்தான் என்றால், நான் செய்யாததற்கு எந்தக் காரணமும் மிஞ்சவில்லை. அன்றிலிருந்து உன் வீடியோக்களைப் பார்ப்பதை விட்டேன். அதன் பிறகு உனக்கு டெங்கு வந்தது. உன் உடலை வேனில் கொண்டுவந்தார்கள்.

போன வாரம் பிரசன்னா போன் எடுத்தான். உன் நினைவாக ஹட்டனில் ஒரு நிகழ்ச்சி. டிரம்முக்கு ஆள் இல்லை.

"கொழும்புல ஒருத்தரும் கிடைக்கலயா?" என்று கேட்டேன்.

"கிடைக்கும் அக்கா. ஆனா அவ எப்பவும் சொல்லுவா, எங்க லயத்துல ஒருத்தி இருக்கா, அவ உட்கார்ந்தா நான் எழும்பிப் போகணும்னு. அது நீங்கதானே?"

இதை என்னிடம் சொல்லாமல் ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாய். இதிலும் நீதான் பெரிய மனுஷி.

அம்மாவிடம் சொன்னேன். தேயிலைக் கொழுந்துச் சாக்கை உதறிக்கொண்டிருந்தார்.

"கவர்மெண்டு வேலையில இருக்கிற புள்ளைக்கு இது தேவையா? ஒருத்தி போயிச் செத்தது பத்தாதா?"

"அவ காய்ச்சல்ல செத்தாம்மா. டிரம் அடிச்சுச் சாகல."

அம்மா சாக்கை இன்னொரு தடவை உதறினார். "அப்ப ஏன்டி இத்தன வருஷம் சும்மா இருந்த?"

பிரசன்னாவைத் திரும்ப அழைத்தேன்.

"வர்றேன். ஆனா அவ அடிச்ச மாதிரி அடிக்க மாட்டேன். நீங்க எப்பவும் கடைசியா வாசிக்கிற பாட்ட பாதி வேகத்துக்கு இறக்கணும்."

"அது சனம் எழும்பி ஆடுற பாட்டு, அக்கா. இறக்கினா மொத்தமா விழுந்துரும்."

"விழட்டும்."

உனக்கு அஞ்சலி செலுத்தப் போவதாக அவர்கள் நினைக்கிறார்கள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன். அந்தப் பாட்டு முடிவதற்குள், ஒரு நிமிஷமாவது, அங்கே ஒருவரும் உன்னை நினைக்கக் கூடாது. உன்னை அவ்வளவு தூரம் தள்ளிவிட என்னால் முடியுமா என்று பார்க்க வேண்டும். நீ விட்டுப்போனதில் எனக்கென்று மிஞ்சியது இந்தப் பொறாமைதான். இதை ஆற்றிக்கொள்ள நான் விரும்பவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்தேன். அன்று விடியற்காலை, முதல் பஸ்ஸில் ஏறி ஒத்திகைக்குப் போனேன்.