கறுப்பாகத் தெரியும் வயல்கள்

அன்பு மகள் விதுர்ஷாவுக்கு,

வவுணதீவிலிருந்து உன் அப்பா ஞானச்செல்வம் எழுதுகிறேன். செய்மதிப் படத்தைக் கொண்டு நீ தயாரித்த வெள்ள வரைபடத்தை இங்குள்ள அதிகாரிகளின் கூட்டத்துக்கு அனுப்பாமல் சற்று நிறுத்திவைக்கச் சொல்வதே என் நோக்கம். இங்கே நாங்கள் சுகம். நெதர்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருப்பாய் என்று நம்புகிறோம். காலுறை இல்லாமல் திரியாதே என்பது அம்மாவின் கட்டளை.

அம்மா கைபேசியில் உன் வரைபடத்தைக் காட்டியதும், தன் வயலும் வெள்ளம் என்று கறுப்பாயிருப்பதைக் கண்ட அழகரத்தினம் மாமா, "மச்சான், பலகையடிச்சு மட்டமாக்கி வெச்ச சேத்த என்ட மருமகள் குளமாக்கிப்போட்டாள், இனி நான் நெல்லு விதைக்கிறதா, மீன்குஞ்சு விடுறதா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தோம், பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனெனில் அவர் வயலில் வெள்ளமே இல்லை, விதைப்புக்காகச் சமப்படுத்திய சேறுதான் இருக்கிறது. மறுநாள் நான் படிப்பிக்கும் விஞ்ஞான வகுப்பில், ஒலியை அனுப்பித் தூரம் அளக்கும் சிறிய உணரியை எடுத்தேன். உன் செய்மதி வானொலி அலையை அனுப்பி எதிரொலியைக் கேட்பதைப்போல இது ஒலியைக் கொண்டு செய்கிறது. நீர் நிரப்பிய தட்டின்மேல் அதைச் சாய்த்துப் பிடித்தபோது அளவே வரவில்லை. மாணவி பிரஷாந்தி, "சேர், சென்சர் பழுதாப்போச்சு" என்றாள். அதே சாய்வில் கசங்கிய சாக்கைக் காட்டினேன், அளவு வந்தது. கரடான பரப்பு ஒலியைச் சிதறடிப்பதால் ஒரு பங்கு திரும்புகிறது, மட்டமான நீரோ முழுவதையும் அப்பால் தள்ளிவிடுகிறது. கடைசியாகப் பலகையால் தடவிய சேற்றுத்தட்டை வைத்தேன், அதிலும் எதிரொலி இல்லை. ஆகவே எதிரொலி திரும்பாத இடத்தைக் காட்டும் உன் படத்தின் கறுப்பு, நீராகவும் இருக்கலாம், மாமாவின் சேறாகவும் இருக்கலாம்.

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தை அடைத்திருக்கும் மணலை வெட்டுவதா என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். வெட்டினால் வாவி கடலுக்குள் வடிந்து, உண்மையில் மூழ்கிய பயிர் பிழைக்கும். வீணாக வெட்டினால் வாவியில் வளரும் றால் எல்லாம் கடலோடு போய்விடும். வாவியில் வலை போடும் பக்கத்து வீட்டு ரதீஸ் நேற்று வந்து, "மகள்ட படத்துக்குள்ள என்ட வலையும் கிடக்கு சேர், வடிவாப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க" என்றார். மனம் நோகாதே, மகள். நம்முடைய சேற்று விதைப்பு உன் பாடநூலில் இராது. உன் திறமையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, சரிபார்க்காமல் எதையும் அனுப்பக்கூடாது என்பதே விதி.

நேரத்துக்குச் சாப்பிடு. எல்லா நலமும் உனக்கு வாய்க்க எங்கள் ஆசீர்வாதம். இக்கடிதத்தைப் படமெடுத்து உனக்கு அனுப்பியதும், மாமாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, நீ கறுப்பாகக் காட்டிய ஒவ்வொரு வயல் வட்டைக்கும் போய், வரம்பில் நின்று, எது நீர் எது சேறு என்று பார்த்து உனக்கு எழுதி அனுப்பப் போகிறேன்.

உன் அன்பு அப்பா,
க. ஞானச்செல்வம்